ரஞ்சினியின் பெயர் போட்ட துண்டு

என்னை உங்களுக்குள் 'லொக் அவுட் அக்கா' என்று பகிடி பண்ணுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது உங்களில் ஒருத்தி அப்படிச் சொன்னதும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் என் காதில் விழுந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டாலும் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. உணவகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பங்கு மண்டபத்தில் கேட்டார்கள். அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதையே எழுதுகிறேன். சிரிப்பதற்கு இதில் அதிகம் இராது.

தட்டைப் பிடிப்பதும் மேசை துடைப்பதும் அங்கே உங்களுக்குக் காட்டித் தருவார்கள். ஓடர் அடிக்கும் மெஷினைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. திரையைக் கண்டாலே உங்கள் விரல் தானாக ஓடுகிறது. நான் அதை முதன்முதலில் தொட்டபோது சுட்டுவிடுமோ என்று பயந்தவள். நான் சொல்ல வந்தது, அந்தத் திரையை விட்டு நீங்கள் விலகிப் போகிற நேரத்தைப் பற்றி.

பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடலுக்கு இறங்கும் தெரு ஒன்றில் அந்த உணவகம் இருந்தது. நான் அங்கே கோப்பை கழுவத்தான் போனேன். பிறகு சலாட் வெட்டினேன், பிறகு மேசை பார்த்தேன், கடைசியில் கல்லாவும் சாப்பாட்டு மண்டபமும் என் பொறுப்புக்கு வந்தன. மூன்று திரைகள் இருந்தன. ஒன்று என் கல்லாவில், ஒன்று சமையல் நடக்கிற குசினியின் கதவுக்குப் பக்கத்தில், ஒன்று மேல்மாடியில். யார் ஓடர் அடித்தாலும் முதலில் தன் நம்பரைப் போட்டுத் திறக்கவேண்டும். குசினிக்குள் ஓடர்த் துண்டு அடித்து வரும்போது, மேசை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மேலே, திரையைத் திறந்தவரின் பெயர் இருக்கும். மெஷினுக்கு முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும்.

ஆளுக்கொரு நம்பர் தெரிவு செய்யச் சொன்னபோது எங்கள் ஆட்கள் செய்த முதல் கூத்தைக் கேளுங்கள். ஒருவரை ஒருவர் கேட்காமலே முக்கால்வாசிப் பேர் மடு மாதா திருநாளை நம்பராகப் போட்டிருந்தார்கள். ஆவணி பதினைந்து, அதாவது ஓகஸ்ட் பதினைந்து. அதே நாள்தான் இந்த நாட்டுக்கே பெரிய விடுமுறை நாள். பலெர்மோவில் ஒரு கள்ளன் ஊகிக்க வேண்டுமென்றால் முதலில் ஊகிக்கிற நம்பரும் அதுதான். மெஷினைப் பொருத்த வந்த பொடியன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாதா காப்பாற்றுவாள்தான், ஆனால் இந்த வேலையை அவளிடம் கொடுக்கக்கூடாது என்று நான் எல்லோரையும் பேசி மாற்றவைத்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பொடியன்தான் வந்து, தன்னால் லொக் அவுட் ஆவதையும் வைத்துவிட்டுப் போனான். யாரும் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை தானே மூடிக்கொள்ளும். மறுபடியும் நம்பர் கேட்கும். கையில் மீன் எண்ணெயோடு ஓடிவருகிறவர்களுக்கு அது பெரிய கரைச்சல். இரண்டு நாளாகக் குசினிப் பக்கம் வசைமாரி. எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஏனென்று கேட்டால் அப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டைவிட்டு வெளியே போகும்போது தானே பூட்டிக்கொள்ளும் கதவை யார்தான் வேண்டாமென்பார்கள்.

இனி ரஞ்சினியைப் பற்றிச் சொல்லவேண்டும். தீவுப்பக்கம் பிறந்து மன்னாரில் கலியாணம் முடித்தவள். புருஷன் கொழும்பில் வேறு குடும்பமாகிப் போய்விட்டான். மகள் டிலானியை ஐந்து வயதில் தமக்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள். விடியவே ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இந்த ஊர் வீட்டுக்கார அம்மாவின், வீட்டைத் துடைத்துவிட்டு, கடை திறக்குமுன் எங்களிடம் மேசை பார்க்க வருவாள். அவள் நடக்கிறபோது தட்டில் கரண்டி ஆடாது. அப்படி ஒரு கைச்சுத்தமும் கால்சுத்தமும்.

டிலானிக்கு அந்த வருடம் ஆடியில் பதினெட்டு முடிய இருந்தது. பிள்ளையைத் தாயோடு சேர்த்துக்கொள்ளும் விண்ணப்பத்தைப் பதினெட்டு முடிவதற்குள் போடவேண்டும். முடிந்த பிறகு போட்டால் அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள். அதற்கு மூன்று வேண்டும்: பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, சட்டப்படி போதுமான அளவுள்ள வீடு, கொன்ராத்தோ என்கிற வேலை ஒப்பந்தம். பெர்மெஸ்ஸோ இருந்தது. வீட்டுக்காகப் பல்லரோவில் இருந்த ஒற்றை அறையை விட்டு, பஸ் ஏறிப்போகிற தூரத்தில் பிரான்காச்சோவில் ஒரு பிளாட் எடுத்தாள். ஆளில்லாத இரண்டாவது அறைக்குத் திரைச்சேலைகூட வாங்கித் தொங்கவிட்டு, வீட்டின் அளவுச் சான்றிதழ் வந்ததும் விண்ணப்பம் போடக் காத்திருந்தாள். கொன்ராத்தோ எங்கள் உணவகத்தில்தான். அதாவது, அந்தப் பிள்ளை வருவதும் வராததும் அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்ரனைப் பற்றியும் சொல்லவேண்டும். மன்னார்ப் பொடியன், எங்கள் பங்குக் கோவில் திருநாளில் மாதா சுருவம் தூக்குகிறவன். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் மறுக்கப்பட்டவன். பெர்மெஸ்ஸோ இல்லை, அதனால் கொன்ராத்தோ இல்லை. சனி ஞாயிறுகளில் கூட்டம் கூடும்போது முதலாளி அவனைக் கூப்பிடுவார். வேலை முழு ஆளின் வேலை. ஆனால் உணவகத்தின் எந்தக் கடதாசியிலும் அவன் இல்லை. கடதாசியில் இல்லாதவனுக்கு மெஷினில் நம்பரும் இல்லை.

பெயர் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். முதலில் வந்தவரின் பெயரில் பின்னால் வந்தவருக்கு சிம். ஒருவரின் பெயரில் வாடகை, இன்னொருவரின் பெயரில் கரண்ட் பில், மூன்றாமவர் குடியிருப்பார். கோவிலின் பெரிய சமையல் கிடாரத்தைத் திருநாளுக்கு இரவல் கொடுப்பதுபோலப் பெயரையும் கொடுப்போம். மறுத்தவரை மனிசராகவே மதிக்கமாட்டோம். இந்த ஊரில் நாங்கள் தலை நிமிர்ந்ததே அப்படித்தான். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ரஞ்சினியும் அதைத்தான் செய்தாள். காலையில் வந்ததும் குசினிக் கதவுத் திரையைத் தன் நம்பரால் திறந்து, அன்ரனுக்காக அப்படியே விட்டுவிட்டுப் போவாள். ஒரே நம்பரை இரண்டு திரையில் திறக்க அந்த மெஷின் விட்டது. ஆனால் லொக் அவுட் வந்த பிறகு அது சரிவரவில்லை. ஒவ்வொரு ஓடருக்கும் அன்ரன் அவளைத் தேடி ஓடவேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆட்களில்லாத மண்டபத்தில் நாங்கள் கூனைப்பூவின் முள் நறுக்கிக்கொண்டிருந்தோம். முதலாளி அந்த மெஷின் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தெரேசா, இந்தச் சனியன் தொட்டதற்கெல்லாம் நம்பர் கேட்கிறது. நிறுத்தச் சொல்லப்போகிறேன்" என்றார்.

"அன்ரனுக்கு ஒரு நம்பர் கொடுங்கள். நிறுத்தத் தேவையில்லை" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "நம்பருக்குப் பெயர் வேண்டும். பெயருக்குக் கொன்ராத்தோ வேண்டும். கொன்ராத்தோவுக்குப் பெர்மெஸ்ஸோ வேண்டும். அவனிடம் எது இருக்கிறது? விடு தெரேசா. இங்கே நாமெல்லோரும் ஒரு குடும்பம்."

பிள்ளைகளே, முதலாளி ஒருவர் 'குடும்பம்' என்ற சொல்லை எடுத்தால் உங்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் விடாமல் நின்றேன். யார் அடித்தது என்று தெரியாத ஓடர் ஆபத்து என்றேன். முதலாளியின் முகம் கறுத்தது. அப்போது எனக்குப் பின்னாலிருந்து பேசியது ரஞ்சினி.

"அக்கா, விடுங்கோ. அவன் பாவம். என்ர நம்பரிலை அடிச்சிட்டுப் போகட்டும். நான் என்ன குறைஞ்சா போகப்போறன்?"

"நாளைக்கு அவன் ஒரு பிழை விட்டால் உன்ர பேர்தான் வரும், ரஞ்சினி."

"அவன் பிழை விடமாட்டான் அக்கா. எங்கட பொடியன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அன்ரன் கவனமான ஆள். மெஷின் பொடியன் என்னைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான். திரையில் விரலால் இரண்டு தட்டு. அதோடு லொக் அவுட் போயிற்று. நாங்கள் மறுபடியும் கூனைப்பூவுக்குத் திரும்பினோம்.

வைகாசியில் இங்கே, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை விருந்துகள் வரும். அந்த ஞாயிறு மத்தியானம் எங்களிடம் இரண்டு விருந்து. மேல்மாடியில் ஒன்று, ரஞ்சினி பார்த்தாள். கீழே ஒன்று, அன்ரனும் இன்னொரு பலெர்மோப் பெண்ணும் பார்த்தார்கள். கீழ் விருந்தின் நாயகி ஒரு சின்னப்பெண். வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி, முன்பல் இரண்டும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பிஸ்தா ஆகாது. தாய் முதலே சொல்லியிருந்தாள். காலையில் ரஞ்சினியே அதை மெஷினில் ஏற்றினாள். பிள்ளைகளுக்குத் தக்காளிப் பாஸ்தா, அதன் கீழே, 'ஒரு பிள்ளைக்குப் பிஸ்தா கூடாது, ஆபத்து' என்ற குறிப்பு.

விருந்து நடுவில் பேரனார், பிள்ளையின் தாயைப் பெற்றவர், அன்ரனைக் கூப்பிட்டார். சந்தோஷத்தில் இருந்த மனிதர். பிள்ளைகளுக்கு ஏன் வெறும் தக்காளி, பெரியவர்களுக்கு வருகிற அடுப்புப் பாஸ்தாவையே அவர்களுக்கும் கொண்டுவா என்றார். அன்ரன் போய், திறந்து கிடந்த திரையில் பிள்ளைகளின் வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தான். குறிப்பு அந்தப் பழைய வரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வரியோடு அதுவும் போனது. அவன் அந்தக் குறிப்பைப் போட்டவனில்லை, அது அங்கே இருந்ததும் அவனுக்குத் தெரியாது. தெரிந்த ரஞ்சினி மேல்மாடியில் நின்றாள். எங்கள் அடுப்புப் பாஸ்தாவில் அடுக்குக்கு நடுவே பிஸ்தா அரைத்த விழுது வைப்பார்கள். மேலே சீஸ் பொரிந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது.

முதலில் பிள்ளை தொண்டையைச் சொறிந்தாள். பிறகு உதடு வீங்கியது. பிறகு மூச்சு இழுக்கும் சத்தம் என் கல்லாவரை கேட்டது. தாய் கைப்பையைக் கவிழ்த்துக்கொட்டி ஊசியை எடுத்து, வெள்ளைக் கவுனுக்கு மேலாலேயே தொடையில் குத்தினாள். அம்புலன்ஸ் வந்தது, பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு போனது. பூ முடி மேசைக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தேன்.

பேரனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். யாரோ கராபினியேரிப் பொலிசைக் கூப்பிட்டார்கள். சீருடையில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னபோது, குசினிப் பின்பக்க நடையில் அன்ரன் என் கையைப் பிடித்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, நான்தான் அடிச்சனான். அந்தக் குறிப்பை நான் காணேல்லை. மாதாவாணை காணேல்லை."

"தெரியும்."

"நான் நிண்டு சொல்லட்டே?"

நின்று சொன்னால் அவன் நேரே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போவான். அங்கிருந்து ஊருக்குத்தான். அவனை நம்பி மன்னாரில் கலியாணத்துக்கு நிற்கிற இரண்டு குமர்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை.

"போ" என்றேன்.

ஏப்ரனோடேயே பின்சந்தால் ஓடினான். அதன்பிறகு அவனை நான் காணவில்லை. வடக்கே எங்கோ இருக்கிறான் என்றார்கள், எல்லை கடந்துவிட்டான் என்றும் சொன்னார்கள்.

ரஞ்சினி மேலேயிருந்து இறங்கி வந்தபோது முதலாளி அவளைப் படிக்கட்டுக்குக் கீழே மறித்தார். கையில் அந்தப் பாஸ்தா அடித்த ஓடர்த் துண்டு இருந்தது. காதோடு காதாக ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அக்கா, நான்தான் அடிச்சதெண்டு ஒத்துக்கொள்ளப்போறன். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ."

"உனக்கு விசரே?"

"வேலையிலை வைச்சிருப்பாராம். டிலானின்ர விண்ணப்பத்துக்கு வேண்டிய கடதாசியை நாளைக்கே கையெழுத்து வைச்சுத் தாறாராம். அன்ரன்ர கதை வெளியிலை வந்தால் கடையைப் பூட்டிப்போடுவாங்கள் அக்கா. பிறகு என்னட்டை என்ன கொன்ராத்தோ இருக்கு?"

"அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் உன்னில கேஸ் வரும். கேஸ் வந்தால் உன்ர பெர்மெஸ்ஸோ? டிலானி?"

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் கதைக்காதேங்கோ."

அப்போது சீருடைக்காரர் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது மண்டபத்தைக் கடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம்தான். அதற்குள் நான் போட்ட கணக்கு இதுதான். பிள்ளை பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது. பிழைக்காவிட்டால் ரஞ்சினி ஒரு உயிருக்குக் கையெழுத்து வைத்தவளாவாள். பிழைத்தாலும் பெற்றவர்கள் விடமாட்டார்கள், யார்தான் விடுவார்கள்? கேஸ் விழுந்த தாயின் விண்ணப்பத்தை யார் ஏற்பார்கள்? முதலாளியின் வாக்கு அவருக்கு வேண்டியவரைக்கும்தான் நிற்கும். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். பெயரில் கறை விழுந்தால் கழுவ முடியாது. அன்றைக்கு என் புத்திக்கு அப்படித்தான் பட்டது.

மூத்த சீருடைக்காரர் மேசையில் துண்டை வைத்து விரலால் தட்டினார்.

"மேலே இருக்கிற பெயர் உங்களுடையதா?"

"ஆம்" என்றாள் ரஞ்சினி.

"இதை அடித்தது நீங்கள்தானா?"

அவள் வாயைத் திறந்தாள். நான் எழுந்து குசினிக் கதவுத் திரைக்குப் போனேன். காலையிலிருந்து ஒருவரும் மூடாத திரை. ஒரு கோப்பிக்கு ஓடர் அடித்தேன். உள்ளே மெஷின் கரகரத்தது. துண்டைக் கிழித்துக்கொண்டு வந்து, அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதிலும் இவள் பெயர்தான் இருக்கிறது. அடிக்கிறபோது இவள் உங்களுக்கு முன்னால் நின்றாள்" என்றேன்.

அவர் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரஞ்சினி என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை, நான் இன்னும் அதோடுதான் படுக்கிறேன்.

சீருடைக்காரர் முட்டாளில்லை. "அப்படியானால் வேறு யாரோ அடித்திருக்கிறார்கள். இங்கே இன்றைக்கு எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். பிறகு குசினிக்குள் போய், ஆணியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார். கடதாசியில் இருந்த பெயர்களைவிடச் சட்டைகள் கூடுதலாக இருந்தன. அன்ரனின் ஜக்கெற்றும் அங்கேதான் தொங்கியது.

அடுத்த கிழமை தொழில் பரிசோதகர்கள் வந்தார்கள். கொன்ராத்தோ இல்லாத ஆள் அன்ரன் மட்டுமில்லை என்று தெரியவந்தது. கடையை மூடும் உத்தரவைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். முதலாளி தண்டம் கட்டித் திறப்பாரென்று நினைத்தோம். அவர் அந்தக் கடையை அப்படியே கைவிட்டு, இரண்டு தெரு தள்ளி மச்சானின் பெயரில் வேறொன்று திறந்தார். பெயர் இரவல் வாங்க அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களில் ஒருவரையும் அவர் கூப்பிடவில்லை.

கடையை ஒழிக்கிற நாளில் என் செருப்பையும் மருந்தையும் எடுக்கப் போயிருந்தேன். அப்போது அந்தச் சின்னப்பெண்ணின் தகப்பன் வந்தார். விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த இனிப்புப் பெட்டிகள் அலுமாரியில் அப்படியே கிடந்தன. அவற்றை எடுக்க வந்திருந்தார். பிள்ளை எப்படி என்று கேட்டேன். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். நான் நாற்காலியில் இருந்து அழுதேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"நாங்கள் முறைப்பாடு எழுதவில்லை, சிஞ்ஞோரா. என் மாமனாரும் அவசரப்பட்டுவிட்டார். அந்தப் பெண் வேண்டுமென்றா செய்திருப்பாள்? அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்."

பெட்டிகளைக் காரில் ஏற்ற அவருக்கு உதவினேன். அவர் போனபிறகுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது. கேஸே வந்திருக்காது. ரஞ்சினி 'நான்தான்' என்று சொல்லியிருந்தால், ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். கடை திறந்திருக்கும். முதலாளி வாக்கைக் காப்பாற்றினாரோ இல்லையோ, கொன்ராத்தோ என்ற கடதாசி ஆடிவரை உயிரோடு இருந்திருக்கும். அது மட்டுமே போதும்.

ஆடி வருவதற்குள் நான் ஏறாத படியில்லை. எனக்குத் தெரிந்த சிஞ்ஞோராக்கள் எல்லோரிடமும் ரஞ்சினிக்காகக் கேட்டேன். வேலை தருகிறோம், கொன்ராத்தோ பிறகு பார்ப்போம் என்றார்கள். வேலை வேண்டியதில்லை அம்மா, அந்தக் கடதாசிதான் வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். பல்லரோவில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களிடமும் போனேன். கொடுக்க மனமிருந்தவர்களிடம் ஆளை வைக்கிற வசதி இல்லை. நான் போய்க் கேட்டது ரஞ்சினிக்குத் தெரியும். வேண்டாமென்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ளவேண்டும்? நெருக்கடி வந்தால் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. சொல்லமாட்டேன். அந்த மண்டபத்தைக் கடக்கிறபோது எனக்கு முன்னால் நல்ல வழி என்று ஒன்றுமே இருக்கவில்லை. நான் வாய் மூடியிருந்து, அந்தப் பிள்ளையும் போய்ச்சேர்ந்திருந்தால், இன்று ரஞ்சினி சிறையிலிருந்து என்னைச் சபித்திருப்பாள். நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. நல்ல வழி இருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில். ஒருவருக்கும் மூச்சு முட்டாத, கூனைப்பூ நறுக்கிய காலையில். அப்போது நான் இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம். ரஞ்சினி 'மாட்டேன்' என்றிருக்கலாம். ஒன்றும் நடக்காத நாளில் எடுக்கிற முடிவுதான் முடிவு. மற்ற நாளில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம், அவ்வளவுதான்.

அதன்பிறகு இன்னொரு இடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். போன முதல் நாளே திரை எத்தனை நேரத்தில் தானே மூடுகிறது என்று கேட்டேன். யாராவது திறந்தபடி விட்டுப்போனால் நானே போய் மூடுவேன், மூடிவிட்டு வாயாலும் கிழிப்பேன். பட்டம் அங்கேதான் கிடைத்தது. உங்களிடமும் ஒருவர் வருவார், "தங்கச்சி, உன்ர நம்பரிலை ஒருக்கா அடிக்கிறன்" என்பார். கள்ளனுக்கு ஒருவரும் நம்பர் கொடுப்பதில்லை. வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார், பாவப்பட்டவராகத்தான் இருப்பார். அவருக்குச் சோறு கொடுங்கள், படுக்க இடம் கொடுங்கள், என்னிடம் அனுப்புங்கள். நம்பரைக் கொடுக்காதீர்கள். அவருக்கும் ஒரு நம்பர் கொடு என்று முதலாளியிடம் கேளுங்கள். நான் கேட்டதைவிடச் சத்தமாகக் கேளுங்கள்.

அந்த வருடம் ஆடியில், விண்ணப்பம் போடாமலே நாள் கடந்த பிறகு ஒரு ஞாயிறு, பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளைச் சுவாமியார் வாசித்தார். மன்னாரில் இருக்கும் டிலானியின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு நன்றியாக, தாயார் ரஞ்சினி இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறார் என்றார். கோவில் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பூசை முடிந்ததும் வாசலில் அவளைச் சுற்றி ஆட்கள். மகள் பெரிய ஆளாகிவிட்டாள், வாழ்த்துக்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டுவந்த கேக்கைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டு வந்தவள், என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு ஓடிவிடவேண்டும்போல இருந்தது.

"ரஞ்சினி, நான் உன்ர பேரைக் காப்பாத்தத்தான்..." என்று தொடங்கினேன்.

"ஓம் அக்கா. காப்பாத்தித் தந்தீங்கள்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நான் உங்களிட்டைக் கேட்டது பிள்ளையை."

கேக் துண்டை என் கையில் வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போனாள்.